சுவருக்குள் விடிய விடிய: மேற்கு பெர்லின் கேள்வி பதில்

கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனிக்கு நடுவே, பெர்லின் சுவருக்குள் இருந்த மேற்கு பெர்லினின் 1979 முதல் 1989 வரையிலான இசையையும் இரவுகளையும் காட்டும் ‘பி-மூவி’ (2015) ஆவணப்படத்தைப் பார்த்த சிலர் கேட்ட கேள்விகளுக்கு, எனக்குத் தெரிந்த அளவில் பதில்.

கேள்வி: சுற்றிலும் சுவர், நடுவில் ஒரு பாதி நகரம். அங்கே போய் இத்தனை பாண்டுகள் எப்படி முளைத்தன?

சுதந்திர தாகம் என்பார்கள். இருக்கட்டும். எனக்கு அதைவிட வாடகையும் ராணுவமும்தான் முக்கியமாகத் தெரிகின்றன. மேற்கு பெர்லின் அப்போது அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளின் பொறுப்பில் இருந்தது. அதனால் அங்கே குடியிருந்த இளைஞர்களுக்கு மேற்கு ஜெர்மனியின் கட்டாய ராணுவ சேவை கிடையாது. துப்பாக்கி தூக்கப் பிடிக்காதவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்கள். சுவரை ஒட்டிய க்ரோய்ட்ஸ்பெர்க் பகுதியில் வாடகை சல்லிசு. காலியாகக் கிடந்த வீடுகளில் சொல்லாமல் கொள்ளாமல் குடியேறியவர்களும் உண்டு. வாடகைக்காக மாதம் முழுக்க உழைக்க வேண்டாம் என்றால் ஒத்திகைக்கு நேரம் கிடைக்காதா என்ன?

கேள்வி: விடியும் வரை பார் திறந்திருக்கிறதே, போலீஸ் வராதா?

வராது. 1949-லேயே அங்கே கடை மூடும் நேரம் என்பதை எடுத்துவிட்டார்கள். அதற்குக் காரணம் ஹைன்ஸ் ட்ஸெல்லர்மாயர் என்ற ஹோட்டல்காரர். ஒரு விஸ்கி பாட்டிலோடு அமெரிக்கத் தளபதியைப் பார்த்துப் பேசிக் காரியத்தை முடித்தார் என்று கதை சொல்வார்கள். இன்றைய பெர்லின் கிளப்புகள் ஞாயிறு முழுக்க ஓடுவதற்கும் வேர் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: படத்தில் கதை சொல்பவர் ஆங்கிலேயர் போலிருக்கிறாரே?

ஆமாம், மார்க் ரீடர். மான்செஸ்டர்காரர். 1978-ல் பெர்லின் வந்து, ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் என்ற மான்செஸ்டர் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெர்மனிப் பிரதிநிதியாக இருந்தார். 1983-ல் இவர் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். டீ டோட்டன் ஹோசன் என்ற மேற்கு ஜெர்மன் பங்க் பாண்டைக் கிழக்கு பெர்லினுக்குக் கூட்டிப்போய், ஒரு தேவாலயத்தில் ரகசியமாக வாசிக்க வைத்தார். அனுமதி இல்லாத கச்சேரிக்கு அங்கே வேறு போக்கிடம் இல்லை. அரசின் பிடி கொஞ்சம் தளர்ந்திருந்தது தேவாலயத்தில் மட்டும்தான்.

கேள்வி: இரும்புத் தகட்டைத் தட்டுவதெல்லாம் இசையா, சார்?

ஐன்ஸ்டுர்ட்சென்டே நொய்பாவ்டன் குழுவைக் கேட்கிறீர்கள். பெயருக்கே ‘இடிந்து விழும் புதுக் கட்டடங்கள்’ என்றுதான் அர்த்தம். 1980-ல் தொடங்கினார்கள். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள், அப்புறம் சண்டை போடுவோம்.

கேள்வி: சுவர் விழுந்ததும் படம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் என்ன ஆயிற்று?

கூட்டம் கிழக்கே நகர்ந்தது. கிழக்கு பெர்லினில் யாருக்குச் சொந்தம் என்றே தெரியாத கட்டடங்கள் ஏராளம். போரில் அழிந்த வெர்ட்ஹைம் பல்பொருள் அங்காடியின் நிலவறையில், துருப்பிடித்த லாக்கர்களுக்கு நடுவே, 1991-ல் ட்ரெசோர் கிளப் திறந்தது. ட்ரெசோர் என்றால் பெட்டகம். அமெரிக்காவின் டெட்ராய்ட்டிலிருந்து ஜெஃப் மில்ஸ் போன்றவர்கள் வந்து டெக்னோ என்ற மின்னணு நடன இசையை வாசித்தார்கள். காலி ஆலைகளின் ஊரில் பிறந்த இசைக்கு இந்த நிலவறை பொருத்தமான இடம்தான். 2005-ல் அந்த இடம் போய்விட்டது. இரண்டு வருடம் கழித்து ஒரு பழைய மின் நிலையத்தில் மறுபடி திறந்தார்கள்.

கேள்வி: இன்றைய பெர்லினை வைத்து இப்படி ஒரு படம் எடுக்கலாமா?

கஷ்டம். ‘பி-மூவி’ பெரும்பாலும் அந்தக் காலத்தில் எடுத்த பழைய பிலிம் துண்டுகளைக் கோத்துச் செய்தது. இப்போது பெர்க்ஹைன் போன்ற கிளப்புகளில் வாசலிலேயே உங்கள் போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே ஆடுகிறவர்களுக்கு அது நிம்மதி. முப்பது வருடம் கழித்துப் படம் எடுக்க வருகிறவருக்குத்தான் கையில் ஒன்றும் இருக்காது.