சிட்டி கூட்டத்தில பேசினதுக்கு 5 லட்சம் டொலர் வழக்கா?

கேள்வி: ஸ்காபரோவில இருக்கிறன். எங்கட தெருவில வாடகை பில்டிங் ஒண்டை இடிச்சு கொண்டோ கட்ட வெளிக்கிட்ட கொம்பனிக்கு எதிரா சிட்டி கூட்டத்தில பேசினன், வட்ஸ்அப் குறூப்பில "கவுன்சிலருக்குக் காசு குடுத்துத்தான் செய்யினம்" எண்டும் எழுதினன். இப்ப அவதூறு எண்டு 5 லட்சம் டொலர் கேட்டு வழக்குப் போட்டிருக்கினம். மன்னிப்புக் கேட்டு முடிச்சுவிடட்டோ?

பதில்: அக்கா, அவசரப்படாதேங்கோ, அவை நீட்டுற பேப்பர் ஒண்டிலயும் இப்ப கையெழுத்து வைக்கவேண்டாம். வாயை மூட வைக்கிறதுக்கெண்டு போடுற வழக்குகளைத் தொடக்கத்திலயே தள்ளுபடி செய்ய ஒன்ராறியோவில 2015 இல சட்டம் கொண்டுவந்தவை, கோர்ட்ஸ் ஒஃப் ஜஸ்டிஸ் அக்ட் 137.1 ஆம் பிரிவு எண்டு சொன்னா அவதூறு வழக்குப் பாக்கிற லோயருக்கு உடன விளங்கும். அந்தப் பிரிவின்படி வழக்கைத் தள்ளச்சொல்லி கோர்ட்டில மோஷன் (மனு) போட்டா வழக்கு அந்த இடத்திலயே நிக்கும், அது முடியும்வரை அவை அடுத்த அடி வைக்கேலாது.

நீங்கள் காட்டவேண்டியது, பேசினது பொதுநலன் சார்ந்த விசயம் எண்டு. சனம் வாடகை வீட்டை இழக்கிற கதை அதுக்குள்ள வரும், அதில எனக்குச் சந்தேகமில்லை. அதுக்குப் பிறகு பாரம் அவையின்ர தலையில, வழக்கில பலம் இருக்கு, உங்களிட்ட சரியான எதிர்வாதம் இல்லை, தங்களுக்கு வந்த பாதிப்பு உங்கட பேச்சுரிமையைவிடப் பாரதூரமானது எண்டு அவைதான் காட்டோணும்.

ஒன்ராறியோவில சூ செயின்ட் மரி எண்ட ஊரில 91 வீட்டுக்காணித் திட்டத்தை எதிர்த்த சங்கத்தின்ர தலைவர், ஈரநிலம் அழியும் எண்டு விசாரணையில சாட்சி சொன்னார், அதுக்கு டெவலப்பர் 60 லட்சம் டொலர் கேட்டு வழக்குப் போட்டது. 2020 இல கனடா உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. சிட்டி கூட்டத்தில நீங்கள் பேசினதும் இதே வகைதான்.

எனக்குக் கவலை வட்ஸ்அப்தான். "கவுன்சிலருக்குக் காசு குடுத்துத்தான் செய்யினம்" எண்டு ஒரு வரி எழுதியிருக்கிறியள், கையில ஆதாரம் இருக்கோ? இல்லையெண்டா அவை அதையே பிடிச்சுத் தொங்குவினம். அதே 2020 இல அதே நீதிமன்றம், லோயர்மாருக்குள்ள போன ஒரு ஈமெயில்ல தன்ர பேரைச் சொல்லிக் குற்றம் சுமத்தினதெண்டு ஒரு டொக்டர் போட்ட வழக்கை 5க்கு 4 எண்டு தொடர விட்டது. அதால அந்த வரியைத் திரும்ப எங்கயும் சொல்லாதேங்கோ, ஆனா பழைய மெசேஜ் ஒண்டையும் அழிக்கவும் வேண்டாம், எல்லாத்தையும் அப்பிடியே லோயரிட்டக் காட்டுங்கோ.

செலவைப் பற்றிப் பயப்பிடுறியள் எண்டு விளங்குது. மோஷன் வெண்டா பொதுவா உங்கட லோயர் செலவு முழுக்க அவைதான் கட்டோணும், அந்தச் செலவு 50,000 டொலருக்கு மேல சாதாரணமா போகக்கூடாது எண்டு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023 இல சொல்லியிருக்கு. தோத்தாலும் அவையின்ர செலவு வழமையா உங்கட தலையில விழாது, நீதிபதி வேற மாதிரிச் சொன்னாத்தான். வீட்டு இன்ஷூரன்ஸையும் எடுத்துப் பாருங்கோ, சிலதில அவதூறு வழக்குக்கு கவர் இருக்கும்.

வழக்குப் பேப்பர் கைக்கு வந்து 20 நாளுக்குள்ள கோர்ட்டில பதில் போடோணும், எதிர்வாதம் செய்யப்போறன் எண்ட நோட்டீஸைப் போட்டா இன்னும் 10 நாள் கிடைக்கும். இந்த நாளை மட்டும் விட்டிடாதேங்கோ. லோயர் ஒருத்தரையும் தெரியாதெண்டா லோ சொசைட்டி ரெஃபரல் சேர்விஸில கேளுங்கோ, முதல் 30 நிமிசம் வரை காசில்லை.