லாரி கம்பெனி கேரேஜில் வேலை: நாம் கை வைத்த வண்டி நம்மிடமே திரும்பி வரும்

கேள்வி: பழைய லாரி கம்பெனியின் சொந்த கேரேஜில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அங்கே வேலை எப்படி இருக்கும்? அங்கே கற்றது இன்றைய வண்டிகளுக்கு உதவுமா?

பார்த்திருக்கிறேன். ஹெல்பராகச் சேர்ந்தேன். முதலில் கிரீஸ் கன், அப்புறம் சக்கரம் கழற்றுவது, பிறகு பிரேக், கடைசியாக என்ஜின் என்று ஏறி வந்தேன். பெரும்பாலும் ஆறு சிலிண்டர் டீசல் என்ஜினும் ஏர் பிரேக்கும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகள். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது.

வெளி ஒர்க்‌ஷாப்புக்கும் கம்பெனி கேரேஜுக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளியே ஒரு வண்டி வரும், வேலையை முடித்து அனுப்புவோம், அதோடு சரி. அடுத்து அது யார் கைக்குப் போகும் என்று தெரியாது. கம்பெனி கேரேஜில் நாம் கை வைத்த வண்டி நம்மிடமே திரும்பி வரும். இன்று நான் கிரீஸ் அடைத்து மூடிய ஹப்பை, அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுப்பகுதியை, சில மாதம் கழித்து நானோ பக்கத்தில் நிற்பவரோ திறந்து பார்ப்போம். கிரீஸ் பேரிங்கின் உள்ளே போயிருக்கிறதா, மேலே மட்டும் பூசியிருக்கிறதா, சீல் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்பது அப்போது எல்லோர் கண்ணிலும் படும். அங்கே வேலை சுத்தமாக நடந்ததற்கு முதல் காரணம் இதுதான் என்று நம்புகிறேன். மேற்பார்வையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஒவ்வொரு லாரிக்கும் தனியாக ஒரு தடித்த நோட்டு இருந்தது. ஆயில் மாற்றிய கிலோமீட்டர், எந்தச் சக்கரத்தில் எந்த எண்ணுள்ள டயர், எந்தப் பக்கம் எத்தனையாவது பட்டை உடைந்தது, ஒவ்வொரு டிரிப்பிலும் எவ்வளவு டீசல் குடித்தது, டிரைவர் சொன்ன குறை என்ன, எல்லாம் அதில் இருக்கும். கிரீஸ் கறை படிந்து பக்கங்கள் கண்ணாடி போல ஆகியிருக்கும். ஆனாலும் அதைப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒரு வண்டியில் ஒரே பக்கத்துப் பட்டை திரும்பத் திரும்ப உடைந்துகொண்டிருந்தது. டிரைவர் ஓட்டுவது சரியில்லை, ஓவர் லோடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மேஸ்திரி நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு தடவையும் நடுவில், பட்டைகளை ஒன்றாகக் கோக்கும் சென்டர் போல்ட்டின் துளையிலேயே உடைந்திருந்தது. பட்டையை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டுகள் இறுக்கமாக இருந்தால் பட்டையின் நடுப்பகுதி ஆக்ஸிலோடு ஒன்றாக நிற்கும், வளைய வேண்டியதில்லை. அவை நீண்டு தளர்ந்துவிட்டால் அந்த இடமும் வளையத் தொடங்கும். துளை போட்ட இடம் எப்போதும் பலவீனமானது, அங்கேதான் விரிசல் பிறக்கும். பட்டையை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தவர்கள் பழைய யூ போல்ட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள். புது யூ போல்ட் போட்டு, ஸ்பிரிங் உட்காரும் சீட்டைச் சமன் செய்து, லோடோடு ஒரு நடை போய் வந்ததும் மறுபடி இறுக்கினோம். அந்தக் குறை அதோடு நின்றது.

டிரைவர்களிடம் மேஸ்திரி கேள்வி கேட்கும் விதமும் எனக்கு அப்படியே பதிந்துவிட்டது. "சத்தம் வருது அண்ணே" என்று யாராவது வந்து நின்றால் உடனே ஸ்பானரை எடுக்க மாட்டார். "லோடோடவா, காலியாவா? ஏத்தத்துலயா, இறக்கத்துலயா? எடுத்ததுமே வருதா, சூடான அப்புறமா? கிளட்ச்சை மிதிச்சா நிக்குதா?" என்று வரிசையாகக் கேட்பார். கிளட்ச்சை மிதித்ததும் நிற்கும் சத்தம் ஓர் இடம், மிதிக்கும்போது மட்டும் வரும் சத்தம் வேறு இடம். இழுக்கும்போது முனகினால் பின் ஆக்ஸிலின் கிரவுன் பல்சக்கரத்தில் பல்லின் ஒரு பக்கத்தைப் பார்க்க வேண்டும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் முனகினால் மறு பக்கத்தை. டிரைவரிடம் பொறுமையாகப் பேசினால் கியர் பாக்ஸை வீணாக இறக்க வேண்டியதில்லை. கிளட்ச்சும் கியர் பாக்ஸும் இறக்கி ஏற்றுவது எவ்வளவு உடம்பு வலிக்கும் வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும்.

வண்டி வந்து நின்றதும் ஹெல்பருக்கு முதல் வேலை ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பது. தொடக் கூடாது, பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும். ஒரு சக்கரம் மட்டும் அதிகம் கொதித்தால் பிரேக் விடாமல் உரசுகிறது, இல்லையென்றால் பேரிங் இறுகியிருக்கிறது. இதை எல்லோரும் கவனிப்பார்கள். மற்றவை சூடாக இருக்கும்போது ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால்தான் இன்னும் பயப்பட வேண்டும். அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை என்று அர்த்தம், அதன் பங்கை மற்றச் சக்கரங்கள் சுமக்கின்றன.

பிரேக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் அந்தக் கேரேஜின் உயிர். பழைய வண்டிகளில் பிரேக்கின் தளர்வைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைக் கையால் திருகித்தான் வைக்க வேண்டும். ஷூவின் மேல் உள்ள, உராயும் லைனிங் தேயத் தேய, காற்று நிரம்பும் சேம்பரிலிருந்து வெளியே தள்ளப்படும் புஷ் ராடு கூடுதல் தூரம் வந்தால்தான் ஷூ டிரம்மைத் தொடும். புஷ் ராடில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒருவர் கேபினில் பிரேக்கை மிதிக்க, கீழே இருப்பவர் கோடு எவ்வளவு நகர்கிறது என்று அளப்போம். கேரேஜில் அளக்கும்போது டிரம் குளிர்ந்திருக்கும். நீண்ட இறக்கத்தில் அது சூடாகி விரிந்து லைனிங்கைவிட்டு விலகும், புஷ் ராடு இன்னும் கொஞ்சம் நீள வேண்டியிருக்கும். கேரேஜில் 'பரவாயில்லை' என்று விட்ட தளர்வு, பாதி இறக்கத்தில் சேம்பரின் கடைசி எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் எவ்வளவு காற்று போனாலும் அந்தச் சக்கரத்துக்குப் பிடி அதிகமாகாது. அதனால் 'பரவாயில்லை' என்ற சொல்லைப் பிரேக் வேலையில் மேஸ்திரி காதில் விழும்படி யாரும் சொல்ல மாட்டோம்.

ஏர் டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிடுவதும் அப்படித்தான். கம்ப்ரஸர் இழுக்கும் காற்றில் உள்ள ஈரம் டேங்கில் தண்ணீராகத் தங்கும், கூடவே கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் வரும். விட்டுவிட்டால் வால்வுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், குளிர் பிரதேசத்தில் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். ஸ்பிரிங் பிரேக் சேம்பரை மட்டும் புதியவர்களைத் தொடவே விடமாட்டார்கள். காற்று போனாலும் வண்டி நிற்க வேண்டும் என்பதற்காக அதற்குள் ஒரு பெரிய சுருள் ஸ்பிரிங்கை அழுத்தி அடைத்திருப்பார்கள். அதை போல்ட்டால் கட்டாமல் கிளாம்ப்பைக் கழற்றினால் எதிரே நிற்பவர் உயிர் போய்விடும்.

டயர் பகுதியிலும் இதே கண்டிப்பு. டயரை ரிம்மில் பிடித்துவைக்கும் லாக் ரிங் சரியாக உட்காராமல் காற்று ஏற்றினால் அந்த ரிங் தெறித்து வரும். இரும்புக் கூண்டுக்குள் சக்கரத்தை வைத்து, நீளமான ஹோஸை மாட்டி, எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றுதான் காற்று ஏற்றுவோம். இரட்டைச் சக்கரத்தில் நட்டைத் தளர்த்துவதற்கு முன்பே வால்வைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். சக்கரம் மாட்டிய பிறகு ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்குவது கட்டாயம். பல வண்டிகளில் இடது பக்கச் சக்கர நட்டு இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். தெரியாமல் வழக்கமான பக்கமே திருகிக்கொண்டிருந்த புதியவர்கள் நிறையப் பேர்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை டேப்பெட் வைப்பது, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே சரியான இடைவெளி வைப்பது. ஆறு சிலிண்டர் என்ஜினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை, ஃபயரிங் ஆர்டர், 1-5-3-6-2-4. இதை மனப்பாடம் செய்தால் போதாது, வால்வுகளைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பார் மேஸ்திரி. என்ஜினைக் கையால் சுற்றும்போது ஆறாவது சிலிண்டரில் ஒரு வால்வு மூடி முடியும், மற்றது திறக்கத் தொடங்கும், இரண்டு ராக்கரும் சேர்ந்து ஆடும். அந்த நேரத்தில் முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனின் உச்சியில் நிற்கும், அதன் இரண்டு வால்வும் முழுக்க மூடியிருக்கும். அப்போது முதல் சிலிண்டருக்கு இடைவெளி வைக்கலாம். இப்படியே ஐந்து ஆடினால் இரண்டு, மூன்று ஆடினால் நான்கு, இரண்டு ஆடினால் ஐந்து என்று மாற்றியும் வைக்கலாம். ஜோடியைக் கூட்டினால் எப்போதும் ஏழு வரும். இது தெரிந்தவருக்கு டைமிங் குறி அழிந்துபோன என்ஜினிலும் தடுமாற்றம் இல்லை. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். இடைவெளி குறைந்தால் சூடானதும் வால்வு முழுக்க மூடாமல் அதன் விளிம்பு எரிந்துபோகும், கூடினால் தட்டும் சத்தம் வரும், வால்வும் தாமதமாகத் திறக்கும். ஆறையும் வைத்து முடித்து ஸ்டார்ட் செய்து, என்ஜின் ஒரே சீராக ஓடும் சத்தத்தைக் கேட்பதில் இருந்த நிறைவு வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

டீசல் பம்பைப் பிரித்துப் பூட்டும் பம்ப் ரூம் தனி உலகம். கதவு எப்போதும் மூடியிருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ருடால்ஃப் டீசலின் என்ஜின் 1897-லேயே வெற்றிகரமாக ஓடிவிட்டது. ஆனால் எரிபொருளை உள்ளே ஊதக் கனமான ஏர் கம்ப்ரஸர் தேவைப்பட்டதால் லாரியில் வைக்கும் அளவுக்கு அது சுருங்கவில்லை. 1927-ல் பாஷ் நிறுவனம் இன்ஜெக்‌ஷன் பம்பைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத் தொடங்கிய பிறகுதான் டீசல் லாரி பரவ வழி பிறந்தது. அந்தப் பம்பில் டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். ஜோடியாகவே செய்தவை அவை, ஒன்றை எடுத்து இன்னொன்றில் போடக் கூடாது. வேஸ்ட் துணியால் துடைக்கக் கூடாது, நூல் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான டீசலில் கழுவி அப்படியே பூட்ட வேண்டும். டீசலைத் தூவும் நாசிலை டெஸ்ட் செய்யும்போது ஸ்ப்ரேயின் முன்னால் விரலை நீட்டக் கூடாது என்பது முதல் பாடம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரும்.

ஒரு விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அப்போது வந்த பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைக் கழற்றியதும் ஏர் ஹோஸால் தூசியை ஊதித் தள்ளுவோம், சாம்பல் நிறப் புகை போல ஷெட் முழுக்கப் பரவும். முகமூடி கொடுத்தவர் யாரும் இல்லை, ஆபத்து என்று சொன்னவரும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸால் வரும் புற்றுநோய் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துக்கூட வெளிப்படும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அதைத் தடை செய்துவிட்டது. பழைய வண்டிகளைப் பிரிக்கும் தம்பிகள் இதைப் படித்தால், டிரம் தூசியை ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள், அந்தத் துணியை மூடிய பையில் போட்டு அகற்றுங்கள், வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாதீர்கள்.

சரி, இன்றைய வண்டிகளுக்கு அது உதவுமா? என்ஜின் பக்கம் பாதிதான் உதவும். பழைய நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறந்தது. எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் கொடுக்கும் இன்றைய காமன் ரெயில் அமைப்பு 2000 பாரைத் தாண்டிப் போகிறது, என்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. சொல்லும் நேரத்துக்கு டீசலை விடுகிறது. பைப் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்த்த பழைய வழக்கத்தை இதில் செய்தால் ஆளுக்கே ஆபத்து. ஸ்கேனர் பிடிக்கக் கற்றே ஆக வேண்டும். ஆனால் புகையின் நிறம் சொல்வது மாறவில்லை. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, இல்லையென்றால் டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை விடாமல் வந்தால் எரியாத டீசலா, உள்ளே கசியும் தண்ணீரா என்று பார்க்க வேண்டும். புது வண்டிகளில் புகைக் குழாயில் உள்ள ஃபில்டர் கறுப்புப் புகையைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அந்த ஒரு அடையாளம் மட்டும் தாமதமாகவே தெரியும்.

என்ஜினுக்குக் கீழே வந்துவிட்டால் பழைய பாடம் ஏறக்குறைய அப்படியே செல்லும். ஹப் பேரிங், முன் சக்கரம் திரும்பும் கிங் பின், பட்டை, யூ போல்ட், டயர் தேயும் விதம் எதுவும் பெரிதாக மாறவில்லை. ஸ்லாக் அட்ஜஸ்டர் தானாகவே இறுக்கிக்கொள்ளும் வகையாக மாறியிருக்கிறது. ஆனால் அது வேலை செய்கிறதா என்று பார்க்க இன்றும் புஷ் ராடு நகரும் தூரத்தைத்தான் அளக்க வேண்டும். அளவு கூடிப்போயிருந்தால் கையால் திருகி வைத்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். தானாக இறுக வேண்டியது ஏன் இறுகவில்லை என்று பாருங்கள்: அட்ஜஸ்டரே கெட்டிருக்கலாம், புஷ் ராடை அட்ஜஸ்டரோடு இணைக்கும் கிளெவிஸ் பின் தேய்ந்திருக்கலாம், ஷூவை விரிக்கும் எஸ் கேமைத் தாங்கும் புஷ் (bush) போயிருக்கலாம். கண்டுபிடித்ததை அந்த வண்டியின் நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதிவையுங்கள். அடுத்த தடவை அந்த டிரம்மைத் திறப்பவருக்கு அது வேண்டும்.