கிவன்-வென்-தென் டெஸ்டுகளில் திரும்பத் திரும்ப வரும் வரிகளை எப்படிக் குறைப்பது?

ஜாவாவில் டெஸ்ட் எழுத உதவும் ஜேயூனிட் 5, போலி ஆப்ஜெக்டுகளை (மாக்) உருவாக்கும் மொக்கிட்டோ இரண்டையும் வைத்து, கிவன் (தொடக்கச் சூழல்), வென் (செயல்), தென் (எதிர்பார்க்கும் முடிவு) என்று பிரித்து எழுதும் டெஸ்டுகளில் கிவன் பகுதியே பதினைந்து வரி ஓடுகிறது, அதை எல்லா டெஸ்டுக்கும் பொதுவான ஒரு பேஸ் கிளாஸுக்குள் தள்ளிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளாதீர்கள். அங்கே போன வரிகள் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, குறையாது. ஒரு டெஸ்ட் உடைந்தால் காரணம் தேடி மூன்று ஃபைல் திறக்க வேண்டிவரும். பேஸ் கிளாஸில் யாராவது ஒரு தொகையை மாற்றினால், சம்பந்தமே இல்லாத டெஸ்டுகள் விழும். டான் நார்த் கொண்டுவந்த பிடிடியின் (நடத்தையை முன்வைத்து நிரல் எழுதும் முறை) முக்கிய நோக்கங்களில் ஒன்று, டெஸ்டைப் படித்தாலே நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்று புரிய வேண்டும் என்பது. அதை இழந்துவிட்டு வரிகளை மிச்சம் பிடித்து என்ன பயன்?

நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்த மதிப்பை மாற்றினால் டெஸ்டின் முடிவு மாறுமா? மாறும் என்றால் அது டெஸ்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். மாறாது என்றால் தாராளமாக வெளியே போகலாம்.

பஸ் டிக்கெட் ரத்தை எடுத்துக்கொள்வோம். 'புறப்பட 24 மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும்போது ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும்' என்பது விதி. டிக்கெட் ஆப்ஜெக்டில் பயணியின் பெயர், போன் நம்பர், ஏறும் இடம், சீட் நம்பர் எல்லாம் இருக்கும். இந்த விதிக்கு வேண்டியது கட்டணமும் புறப்படும் நேரமும் மட்டும்தான். மற்றவற்றுக்கு ஏதோ ஒரு சரியான மதிப்பைத் தானே நிரப்பிக்கொள்ளும் டெஸ்ட் டேட்டா பில்டர் ஒன்றை எழுதிவிட்டால், கிவன் இவ்வளவுதான்:

ஒருடிக்கெட்().கட்டணம்(800).புறப்பாடு(நாளைகாலை).உருவாக்கு()

பதினைந்து வரியில் பெரும்பங்கு இங்கேயே போய்விடும். அடுத்து நேரம். நிரலுக்குள் 'இப்போது மணி என்ன' என்று நேரடியாகக் கேட்காமல், ஜாவாவின் கிளாக் ஆப்ஜெக்டை கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கிக்கொள்ளுங்கள். டெஸ்டில் கிளாக்.ஃபிக்ஸட் கொடுத்தால் போதும், நேரத்துக்கென்று தனியாக மாக் செய்யும் வேலையே இல்லை.

மாக்குகளைப் பொதுவான பீஃபோர்-ஈச்சுக்கு (ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன் ஓடும் மெதட்) நகர்த்தும்போதுதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். மொக்கிட்டோ எக்ஸ்டென்ஷன் இயல்பாகவே கறாரானது. ஒரு டெஸ்டில் பயன்படாத ஸ்டப் (மாக் என்ன பதில் தர வேண்டும் என்று எழுதும் வரி) இருந்தால் 'அன்னெசஸரி ஸ்டப்பிங்' என்று பிழை காட்டும். உடனே கறாரைத் தளர்த்தும் லீனியன்ட் போட்டு அதன் வாயை அடைத்துவிடாதீர்கள். அந்த ஸ்டப் எல்லா டெஸ்டுக்கும் பொதுவானது இல்லை என்று அது சரியாகத்தான் சொல்கிறது. 'பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால்' போன்ற ஒரு சூழலுக்கு டெஸ்ட் கிளாஸுக்குள்ளேயே நெஸ்டட் கிளாஸ் ஒன்று வைத்து, அந்த ஸ்டப்பை அதன் பீஃபோர்-ஈச்சில் போடுங்கள். வெளிக் கிளாஸின் பீஃபோர்-ஈச் முதலில் ஓடும், அப்புறம் உள்ளே இருப்பது ஓடும். (டிஸ்ப்ளே நேமில் தமிழிலேயே எழுதலாம். 'ஒரு நாள் முன்பே ரத்து செய்தால் முழுப் பணம்' என்று ரிப்போர்ட்டில் வருவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

24 மணி, 23 மணி 59 நிமிடம், புறப்பட்ட பிறகு என்று எண் மட்டும் மாறும் டெஸ்டுகளை பாராமீட்டரைஸ்டு டெஸ்டாக்கி (ஒரே டெஸ்ட் பல மதிப்புகளோடு ஓடும்), அந்த மதிப்புகளை வரிசையாகத் தரும் சிஎஸ்வி சோர்ஸில் ஒரு அட்டவணையாக வையுங்கள். ஆனால் அதற்குள் இஃப் எழுத வேண்டிவந்தால் அவை வேறு வேறு நடத்தைகள், பிரித்துவிடுங்கள்.

கிவன்-வென்-தென்னைச் சாதாரண வாக்கியங்களாக எழுதி ஓட்டும் குக்கும்பர் என்ற கருவியை யூனிட் டெஸ்டுக்குக் கொண்டுவரச் சிலர் சொல்வார்கள். வாடிக்கையாளரும் உட்கார்ந்து படிக்கும் ஏற்புச் சோதனைகளுக்கு அது நல்லது. இந்த அளவில் அந்த வாக்கியங்களை நிரலோடு இணைக்கும் ஸ்டெப் டெஃபனிஷன் என்று இன்னொரு அடுக்கு சேருமே தவிர, வரி குறையாது.

எல்லா ஃபைலையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம், கை வைக்கும் ஃபைலை மட்டும் மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் அசல் நிரலில் 'அதிகம் அல்லது சமம்' என்றிருப்பதை 'அதிகம்' என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். சரியாக 24 மணி என்ற டெஸ்ட் விழ வேண்டும். விழவில்லை என்றால், சுருக்கும்போது முக்கியமான ஏதோ ஒரு மதிப்பு பில்டருக்குள் போய்விட்டது என்று அர்த்தம். இந்தச் சோதனையைத் தானாகவே செய்ய பிட் என்ற மியூட்டேஷன் டெஸ்டிங் கருவி இருக்கிறது, ஜேயூனிட் 5 உடன் வேலை செய்ய அதன் பிளகின்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.