படத்தைச் சொன்னால் நமக்கு ஏன் சுடுகிறது?

மதிப்பிற்குரிய ஐயா,

‘கபாலி’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து மனம் நொந்துவிட்டது. மலேசியத் தோட்டத்து மக்களின் வலியை வசனத்துக்கு விட்டுவிட்டு, கேமரா ரஜினியின் கோட்-சூட்டையும் நடையையுமே சுற்றிச்சுற்றி வந்தது என்கிறீர்கள். செந்தூலிலிருந்து குடும்பத்தோடு போய் விசிலடித்துப் பார்த்தோம். வாரம் முழுக்க உழைக்கிறவனுக்கு இரண்டரை மணி நேரச் சந்தோஷம்கூடக் கூடாதா? எங்களுக்கெல்லாம் ரசனை இல்லையா?

ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கட்டுரையில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் உங்களைத் திட்டியதாகவே பட்டிருக்கிறது.

2016 ஜூலையில் நீங்கள் பார்த்தது படத்தை மட்டுமா? நம் ஊரும் நம் தோட்டத்துக் கதையும் அவ்வளவு பெரிய திரையில் வந்தன. பக்கத்தில் மனைவி, பிள்ளைகள். முன்வரிசையில் முகம் தெரியாதவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். இந்த நாட்டில் நாம் கூச்சமில்லாமல், கூட்டமாக, சத்தமாகத் தமிழராக இருக்கிற இடம் கோயிலை விட்டால் தியேட்டர்தான். அந்தச் சந்தோஷத்தில் பாதி நீங்கள் கொண்டுபோனது. அதையும் சேர்த்துப் படத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அப்புறம் யாராவது படத்தில் குறை சொன்னால், அந்த நாளையே பறிக்க வந்ததுபோல் சுடுகிறது.

நானும் அந்தக் கூட்டத்தில் கைதட்டியவன்தான். ஆனால் அதே ஆண்டு சிறந்த மலேசியப் படமாக விருது வாங்கிய சஞ்சய் பெருமாளின் ‘ஜகாட்’, தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பையன் எப்படித் தடம் மாறுகிறான் என்று பொறுமையாகக் காட்டியிருந்தது. அதைப் பார்த்தவனுக்கு கபாலியிடம் இன்னும் கொஞ்சம் கேட்கத் தோன்றாதா?

இன்னொன்று. தமிழ்நாட்டில் அந்தப் படம் துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்தது. இங்கே ஓடிய பிரதியில், கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று கடைசியில் எழுத்துப் போட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். பார்க்கிறவனுக்குச் சொந்தமாக யோசிக்கத் தெரியாது என்று முடிவுகட்டி ஒட்டிய வரி அது. உங்களுக்கு யோசிக்கத் தெரியும் என்று நம்புவதால்தான் நான் விமர்சனமே எழுதுகிறேன்.

காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட் போட்டதற்கும் காரணம் உண்டு என்று கபாலியே பேசுகிறார். “கோட் வெறும் ஸ்டைல் இல்லை, படத்தின் அரசியலே அதுதான்” என்று நீங்கள் என்னை மடக்கியிருக்கலாம். எனக்குப் பதில் சொல்லச் சிரமமாக இருந்திருக்கும். அடுத்த கடிதத்தில் அந்தச் சண்டைக்கு வாருங்கள்.