பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே தொல்லியலில் பெயர் வாங்கியவர் யாராவது உண்டா?

பிரான்சிஸ் ஹேவர்ஃபீல்டு (1860–1919). ரோமானியர் ஆண்ட காலத்துப் பிரிட்டனைப் படிக்கிற எவரும் இவரைத் தாண்டிப் போக முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்தான், ஆனால் இறுதித் தேர்வில் இரண்டாம் வகுப்பு. 1884-இல் சசெக்ஸில் இருக்கும் லான்சிங் பள்ளிக்கு ஆசிரியராகப் போனார். எட்டு வருடம் மேல்வகுப்புப் பையன்களுக்குக் கிரேக்கமும் லத்தீனும் நடத்தினார். விடுமுறை விட்டால் ஐரோப்பாவில் ரோமானிய எச்சங்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

பிரிட்டனில் கிடைத்த லத்தீன் கல்வெட்டுகளை எமில் ஹூப்னர் தொகுத்து 1873-இல் பெர்லினில் வெளியிட்டிருந்தார். அதற்குப் பிறகு கிடைத்தவற்றைச் சேர்க்கவும் பழைய வாசிப்புகளைத் திருத்தவும் ஆள் தேவைப்பட்டது. ஜெர்மானியப் பேரறிஞர் மாம்சென் அந்தப் பொறுப்பை இந்தப் பள்ளி ஆசிரியரிடம் கொடுத்தார். 1890-இல் இணைப்பு அச்சில் வந்தபோதும் ஹேவர்ஃபீல்டு லான்சிங்கில்தான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு அழைத்தது 1892-இல். பேராசிரியர் பதவி 1907-இல்.

அவருடைய பெரிய வாதம் நமக்குச் சுவாரஸ்யமானது. இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் இருந்ததுபோல, பிரிட்டனில் ரோமானியர்கள் ஊர் மக்களோடு ஒட்டாமல் ஆண்டுவிட்டுப் போனார்கள் என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. 1905-இல் ஆற்றிய உரை ஒன்றில் ஹேவர்ஃபீல்டு இதை மறுத்தார். பெரிய மனிதர்களின் கல்லறை வாசகங்களோடு அவர் நிற்கவில்லை. வீட்டு அமைப்பு, பானை ஓடு, சில்செஸ்டர் என்ற ரோமானிய நகரத்தில் செங்கல் அறுத்தவர்கள் ஈரமண்ணில் கீறிய லத்தீன் கிறுக்கல்கள் என்று சாதாரணப் பொருட்களை எடுத்து வைத்தார். கூலிக்காரனே லத்தீனில் கிறுக்குகிறான் என்றால் அது ஆள்பவர்களின் மொழி மட்டும் இல்லையே! எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் நகரத்துச் சான்றுகளை வைத்து நாடு முழுவதுக்கும் பேசிவிட்டார், ரோமானியமாவதை முன்னேற்றமாகவே பார்த்தார் என்று பின்னால் வந்தவர்கள் விமர்சித்தார்கள். நியாயமான விமர்சனம்தான், பிரிட்டிஷ் பேரரசு உச்சத்தில் இருந்த காலத்து மனிதர் அல்லவா.

வடக்கு இங்கிலாந்தில் ரோமானியர் எல்லையாகக் கட்டிய ஹேட்ரியன் சுவர்ப் பகுதியில் பல வருடம் அகழாய்வுகளை நடத்தினார். 1906-இல் கார்பிரிட்ஜில் அவர் மேற்பார்வையில் வேலை தொடங்கியபோது, முன்அனுபவமே இல்லாமல் களத்தில் இறங்கிய இளைஞர் லெனார்ட் வூலி. பிற்காலத்தில் இன்றைய ஈராக்கில் இருக்கும் ‘ஊர்’ (Ur) என்ற பழங்கால நகரத்தைத் தோண்டிப் புகழ்பெற்ற அதே வூலி! இருந்தாலும் ஹேவர்ஃபீல்டின் பலம் மண்வெட்டியில் இல்லை என்பேன். நாடெங்கும் யார் யாரோ கண்டெடுத்ததைத் தேடிப்போய்ப் பார்த்து, சரியாக வாசித்து, ஒரே ஒழுங்கில் வைத்ததுதான் அவருடைய சாதனை. நீங்களும் ஆசிரியர் என்றால், கோடை விடுமுறையில் செய்ய முடிகிற வேலையும் அதுதான்.

முதல் உலகப்போரில் அவருடைய மாணவர்கள் பலர் இறந்துபோனார்கள். ரோமானியத் துணைப்படைகள் பற்றி எழுதிய சீஸ்மேன் 1915-இல் துருக்கியின் கலிப்பொலியில் நடந்த சண்டையில் இறந்தார். மிஞ்சியவர்களில் ஒருவரான காலிங்வுட் கல்வெட்டுப் பணியைக் கையில் எடுத்தார். பிரிட்டனின் ரோமானியக் கல்வெட்டுகளின் புதிய தொகுதி, ரைட் என்பவர் முடித்துக்கொடுக்க, 1965-இல் வெளிவந்தது.