அப்பாவின் புல்லட்டைப் பாப்பராக மாற்றலாமா?

கேள்வி: என் தந்தை 1984-இல் வாங்கிய 350 சிசி புல்லட், பல ஆண்டுகளாகத் தோட்டத்துக் கொட்டகையில் ஓடாமல் நிற்கிறது. கிக்கர் இறங்கவில்லை, டேங்க் துருப்பிடித்துவிட்டது. தந்தை காலமாகிவிட்டார், ஆர்.சி. புத்தகம் இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஒற்றை சீட்டுடன் பாப்பராக மாற்ற ஆசைப்படுகிறேன். பின்பக்கச் சாசியை (வண்டியின் இரும்புச் சட்டகத்தை) வெட்டி, ஷாக் அப்சார்பரை எடுத்துவிடலாம் என்று பட்டறையில் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில், சாசியை வெட்டச் சம்மதிக்காதீர்கள். பாப்பர் என்ற பாணிக்கே அது தேவையில்லை. 1930, 40-களில் அமெரிக்க இளைஞர்கள் ஹார்லி, இந்தியன் வண்டிகளின் முன் மட்கார்டைக் கழற்றியும் பின் மட்கார்டைக் குறுக்கியும், தேவையற்ற பாகங்களை நீக்கி எடையைக் குறைத்ததிலிருந்து பிறந்த பாணி இது. சாசியை வெட்டி நீட்டும் சாப்பர் பாணி அதற்குப் பின்னர் வந்தது. மேலும், புல்லட்டின் சாசியில் இன்ஜினுக்கு அடியில் தாங்கு குழாய்கள் கிடையாது. இன்ஜினே சாசியின் ஓர் அங்கமாக நின்று பாரத்தைச் சுமக்கிறது. இப்படிப்பட்ட அமைப்பில் பின்பகுதியை அறுத்துப் பற்றவைத்து, ஷாக்கையும் எடுத்துவிட்டால், நம் சாலைகளின் ஒவ்வொரு பள்ளமும் நேராக ஸ்போக்குகளுக்கும், வெல்டிங் மூட்டுகளுக்கும், உங்கள் முதுகெலும்புக்கும் போய்ச் சேரும்.

சட்டமும் இதையே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதிசெய்தது. விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182-ஏ பிரிவில் இடமுண்டு. பலரும் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. 50 வயது கடந்த, அசல் வடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனம் என்று தனி எண்வரிசையில் பதிவுசெய்ய 2021 முதல் விதி உள்ளது. உங்கள் வண்டிக்கு 2034-இல் 50 வயது நிறைகிறது. அன்று அந்தத் தகுதியைக் கோர வேண்டுமானால், இன்று செய்யும் ஒவ்வொரு மாற்றமும் ஸ்பேனரால் திருப்பி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கழற்றிய ஒவ்வொரு பாகமும் எண்ணெய் தடவிய துணியில் சுற்றப்பட்டு உங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும்.

ஆகவே, பட்டறைக்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகம். உரிமையாளர் இறந்த நிலையில் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. சாசி எண்ணும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகின்றனவா என்று நீங்களே துடைத்துப் பாருங்கள். ஆய்வுக்கு வண்டியை அசல் தோற்றத்திலேயே கொண்டுபோங்கள். புத்தகத்தில் இருவர் அமரும் வண்டி என்று இருக்கும்போது ஒற்றை சீட்டு பொருத்தலாமா என்பதை அங்கேயே எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி இன்ஜின். உழைப்பும் பணமும் பெரும்பாலும் இங்கேதான் போக வேண்டும். இறுகிய கிக்கரை ஏறி மிதிக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாட்கள் ஊறவிடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைந்துவிட்டால் உடனே ஸ்டார்ட் செய்யும் ஆவல் எழும், அதை அடக்கிக்கொள்ளுங்கள். நெடுநாள் நின்ற புல்லட்டில் ஆயில் தன் அறையிலிருந்து கசிந்து கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) இருக்கும் அறையில் தேங்கிவிடும். இரண்டு இடங்களிலும் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, ஆயில் பம்ப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். அங்கே ஆயில் கசிந்தால்தான் பம்ப் வேலை செய்கிறது என்று பொருள். கசியாவிட்டால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

சிலிண்டரின் போர் (உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 90 மி.மீ. துரு சுவரைக் குழிபறித்திருந்தால் ரீபோர் (சிலிண்டரின் உட்சுவரைச் சற்றே அகலமாகக் கடைவது) தவிர்க்க முடியாதது. அப்போது ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய) பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கேற்ப லேத்தில் போர் போடச் சொல்லுங்கள். போர் போட்டுவிட்டுப் பிஸ்டனைத் தேடுவது தலைகீழ் வேலை. தீப்பொறியைத் தூண்டும் பிளாட்டினம் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கட்டும். பழைய ரப்பர் குழாயையும் டேங்க் டேப்பின் வாஷர்களையும் தயங்காமல் எறியுங்கள். இப்போதைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அவற்றை அரித்துவிடும். டேங்க்கின் உள்துருவையும் முழுதாக நீக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் செல்லும் நுண்துளை) திரும்பத் திரும்ப அடைத்துக்கொள்ளும்.

பிரேக் ஷூக்கள், கேபிள்கள், டயர், டியூப், வயரிங் எல்லாம் புதிதாகவே போடுங்கள். டிரம் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், ஸ்போக் கட்டிய சக்கரத்தோடு லேத்தில் ஏற்றிக் கடைவதுதான் சரி.

தோற்றம் கடைசியில் வரட்டும். ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட்டை, சாசியில் ஏற்கெனவே உள்ள துளைகளிலேயே பிராக்கெட் வைத்துப் பொருத்த முடியும். அசல் பின் மட்கார்டை அறுக்காமல், சந்தையில் கிடைக்கும் வேறொன்றை வாங்கிக் குறுக்குங்கள். முன் மட்கார்டு இருக்கட்டும். அதன் கம்பிகள் ஃபோர்க்குக்கும் கொஞ்சம் பலம் தருகின்றன. பருத்த பின் டயர் மீது ஆசை இருந்தால், டயருக்கும் செயினுக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் அகலம் குறைவான ஸ்விங் ஆர்மில் 3.50-19 அளவே (அகலம் 3.5 அங்குலம், ரிம் 19 அங்குலம்) எனக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. சைலன்சரைக் குட்டையாக்க வேண்டாம். சத்தத்துக்கு அபராதம் ஒருபுறமிருக்க, கார்புரேட்டர் கலவையும் கெடும்.

ரீபோர் செய்திருந்தால் முதல் 500 கிலோமீட்டர் வரை 50 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள். அதன்பின் ஆயிலை மாற்றி, ஹெட் நட்டுகளை மீண்டும் இறுக்கி, இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த நிலையில் டேப்பெட்டைச் (வால்வு இடைவெளியை) சரிபாருங்கள்: வால்வைத் திறக்க உந்தும் கம்பியான புஷ் ராட் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது.