6 அங்குல டாப்சோனியன், பழைய லேப்டாப், ஒரு வெப்கேம்: வியாழனைப் பிடிக்க இது போதுமா?

வாணியம்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (கையால் தள்ளித் திருப்பும் வகை) இருக்கிறது, குவியத்தூரம் 1200 மி.மீ., மோட்டார் கிடையாது. 4 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் 10 லேப்டாப்பும், ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய ஒரு 720பி வெப்கேமும் வீட்டில் சும்மா கிடக்கின்றன. வியாழனையும் சனியையும் படம் எடுக்க ஆசை. மொபைலை ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) வைத்து எடுத்தால் வெள்ளைப் பொட்டுதான் விழுகிறது. கோள்களுக்கான கேமரா முதலில் வாங்குவதா, புது லேப்டாப்பா, மோட்டார் வைத்த மவுண்ட்டா (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பு)?"

இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். கையில் இருப்பதை வைத்தே வியாழனின் இரண்டு பட்டைகளையும், காற்று ஒத்துழைத்தால் பெரும் சிவப்புப் புள்ளியையும், சனியின் வளையத்தையும் எடுத்துவிடலாம். கோள் படம் கெட்டுப்போவது பெரும்பாலும் கேமராவில் இல்லை, அதற்கு முன்னாலேயே, குழாய்க்குள்ளும் மாடித் தரையிலும்தான். அதைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த கேமரா மாட்டினால், அந்தக் கலங்கலையே இன்னும் துல்லியமாகப் பதிவு செய்யும், அவ்வளவுதான்.

முதலில் கொலிமேஷன், அதாவது குழாயில் உள்ள இரண்டு கண்ணாடிகளையும் ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவது. லேசர் கருவி வாங்கத் தேவையில்லை, மலிவான லேசர்களில் பல தாமே கோணலாக இருக்கும். ஃபோகசரின் (ஐபீஸைச் செருகி முன்னும் பின்னும் நகர்த்தும் பகுதி) பிளாஸ்டிக் மூடி இருக்கிறதல்லவா, அதன் சரியான நடுவில் 2 மி.மீ. துளை போடுங்கள், கருவி தயார். அப்புறம் பெரிய கண்ணாடியின் நடுவை அடையாளம் செய்ய வேண்டும். கண்ணாடியின் அளவுக்கு ஒரு தாளை வட்டமாக வெட்டி, இரண்டு முறை மடித்து, மடிப்புகள் சந்திக்கும் முனையில் துளையிட்டு, கண்ணாடி மேல் மெல்ல வைத்து, அந்தத் துளை வழியாக மார்க்கரால் ஒரு புள்ளி. அதைச் சுற்றி, ஃபைல் தாள்களின் துளை கிழியாமலிருக்க ஒட்டுகிற வளைய ஸ்டிக்கர் ஒன்று (ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும்). கண்ணாடியின் நடுவில் ஸ்டிக்கரா என்று பயப்பட வேண்டாம், அந்த இடம் எப்படியும் சின்னக் கண்ணாடியின் நிழலில்தான் இருக்கிறது, ஒளி கொஞ்சமும் குறையாது. இப்போது மூடித் துளை வழியாகப் பாருங்கள்: பெரிய கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் எல்லாம் தெரியும்வரை சின்னக் கண்ணாடியின் திருகுகள், பிறகு வளையத்துக்குள் உங்கள் துளையின் பிரதிபலிப்பு வந்து உட்காரும்வரை பெரிய கண்ணாடியின் திருகுகள். உங்களுடையது எஃப்/8 (குவியத்தூரம் கண்ணாடி விட்டத்தைப் போல் 8 மடங்கு) என்பதால் கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். எஃப்/5 வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

கண்ணாடியில் தூசி படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். பூஞ்சை இருந்தால் மட்டும் கழற்றி, ஓடும் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் ஊறவைத்து, பஞ்சை அதன் எடையிலேயே நகரவிட்டு, கடைசியில் பேட்டரி தண்ணீரால் அலசிச் சாய்த்து வைத்து உலரவிடுங்கள். பேட்டரிக் கடையில் கேட்கும்போது டிஸ்டில்ட் வாட்டர் என்று தெளிவாகக் கேளுங்கள், ஆசிட்டைத் தூக்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள். எந்தக் காரணத்துக்கும் துணியால் தேய்க்கக் கூடாது.

அடுத்தது சூடு. நம் ஊர் மொட்டை மாடி பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவு பதினொரு மணி வரை அதைத் திருப்பி விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சூடான காற்று குழாய்க்கு முன்னால் நெளிந்துகொண்டே எழும்போது வியாழன் கொதிக்கிற மாதிரி தெரியும். மண் தரை உள்ள கொல்லைப்புறம் இருந்தால் அதுதான் முதல் இடம், இல்லையென்றால் நள்ளிரவுக்கு மேல் எடுங்கள். பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட்டுக்கு மேலாகக் குழாயைத் திருப்பாதீர்கள். தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியில் வைத்துவிட வேண்டும். இங்கேதான் பழைய கணினி உதவுகிறது: கேபினட்டில் இருக்கும் 80 மி.மீ. விசிறியைக் கழற்றி, நான்கு ரப்பர் பேண்டுகளில் தொங்கவிட்டு, பெரிய கண்ணாடியின் முதுகுக்குப் பின்னால் காற்று அதன்மேல் படும்படி கட்டுங்கள். 12 வோல்ட் விசிறிதான், ஆனால் பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட்டிலும் பெரும்பாலானவை அதிர்வில்லாமல் மெதுவாகச் சுற்றும். பவர் பேங்க்கில் மாட்டினால், இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தை ஏதும் மாட்டவில்லை என்று நினைத்து சில பவர் பேங்க்குகள் தாமே அணைந்துவிடும், அதைக் கவனியுங்கள். படம் பதிவாகும் நேரத்தில் விசிறியை நிறுத்திவிடலாம்.

ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் இருக்கும் இடம் கோள்களுக்கு அருமையான இடம். உங்கள் பக்கத்தில் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, அதே பன்னிரண்டரை டிகிரி அட்சரேகைதான் ஏறக்குறைய உங்களுக்கும். வியாழனோ சனியோ வானத்தில் மிகத் தெற்கே போகிற ஆண்டுகளில்கூட உங்களுக்கு 50 டிகிரிக்கு மேல் ஏறும். அதே கோள் லண்டனில் 15, 16 டிகிரியோடு நின்றுவிடும். உயரம் கூடக் கூட நடுவில் குறுக்கிடும் காற்று குறைவு. அங்கே அவ்வளவு காசு செலவழிப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

சரி, வெப்கேம். உறையைத் திறந்தால் சென்சாருக்கு மேல் ஒரு சின்ன லென்ஸ் திருகியிருக்கும், சிலவற்றில் ஒரு பொட்டு பசை வைத்திருப்பார்கள். பசையைச் சுரண்டிவிட்டு லென்ஸைத் திருகிக் கழற்றுங்கள், இனி தொலைநோக்கியே லென்ஸ். சென்சாரில் விரலோ தூசியோ படக் கூடாது. சில வெப்கேம்களில் அகச்சிவப்பை வெட்டும் கண்ணாடி லென்ஸோடு சேர்ந்தே வந்துவிடும். படம் ரோஸ் நிறமாகத் தெரிந்தால் அதுதான் காரணம், 1.25 அங்குல ஐஆர்-கட் ஃபில்டர் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளலாம். 'ஆன்' ஆகும்போது எரியும் குட்டி எல்இடிக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டுங்கள், அந்த வெளிச்சம் உள்ளேயே சுற்றும்.

இதை ஃபோகசரில் பொருத்த 1.25 அங்குலக் குழாய் வேண்டும், அதாவது 31.75 மி.மீ. முன்பெல்லாம் ஃபிலிம் ரோல் டப்பா கச்சிதமாக நுழையும், இப்போது அதைத் தேடி எந்த ஸ்டுடியோவுக்குப் போவது. நம் கடைகளில் கிடைக்கும் 32 மி.மீ. பிவிசி பைப் போதும். அதை ஒரு இஞ்ச் பைப் என்றும் சொல்வார்கள், ஆனால் அதே பெயரில் 33.4 மி.மீ. விட்டமுள்ள யுபிவிசி பைப்பும் விற்கிறார்கள், அது உதவாது. வெளி விட்டம் 32தானா என்று அளந்து வாங்குங்கள். கால் மி.மீ.தான் அதிகம், ஈரமான 120-ஆம் நம்பர் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பைப்பைத் திருப்பித் திருப்பித் தேய்த்தால் பத்து நிமிடத்தில் ஐபீஸ் மாதிரியே வழுக்கி உள்ளே போகும். உள்பக்கம் கரும்பலகை பெயிண்ட் அடித்து, உலர்ந்ததும் வெப்கேமின் சென்சார் நேர் நடுவில் வருமாறு ஒட்டிவிடுங்கள். சென்சார் பைப்பின் விளிம்புக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. ஃபோகசரை முழுக்க உள்ளே தள்ளியும் படம் தெளியவில்லை என்றால், 2 மடங்கு பார்லோ லென்ஸைப் (குவியத்தூரத்தை இரட்டிப்பாக்கும் லென்ஸ்) போட்டுவிட்டு அதில் வெப்கேமை மாட்டுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். பார்லோ எப்படியும் வேண்டும், எஃப்/16 ஆனால்தான் வெப்கேமின் பொடி பிக்சல்களுக்கு ஏற்ற அளவில் கோள் விழும்.

இப்போது கணினி பக்கம், பலர் கோட்டை விடுவது இங்கேதான். 720பி வீடியோவை 30 ஃப்ரேமில் அப்படியே அனுப்ப நொடிக்கு 55 மெகாபைட் வேண்டும். யுஎஸ்பி 2.0-இல் நடைமுறையில் 35, 40-க்கு மேல் போகாது. அதனால் வெப்கேம் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஜேபெக்காக நசுக்கி அனுப்புகிறது, வியாழனின் மெல்லிய விவரங்கள் அந்த நசுக்கலிலேயே தொலைந்துவிடும். வீடியோவைப் பதியும் ஷார்ப்கேப் மென்பொருளில் எம்ஜேபெக் என்ற நசுக்கிய வடிவத்தை விட்டுவிட்டு ஒய்யுஒய்2 என்ற நசுக்காத வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். 640x480-இல் அது நொடிக்கு 18 மெகாபைட்தான், உங்கள் லேப்டாப்பின் பழைய ஹார்ட் டிஸ்க்கே தாங்கும், பென் டிரைவில் மட்டும் நேரடியாகப் பதியாதீர்கள்.

ஆனால் இதில் ஒரு பிடி இருக்கிறது. 640x480 என்பது சில வெப்கேமில் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுப்பது, சிலவற்றில் முழுப் படத்தையும் சுருக்கிக் கொடுப்பது. சோதிப்பது எளிது: இரண்டு அளவிலும் வியாழனை ஒரு ஃப்ரேம் எடுத்து, வட்டம் எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். இரண்டிலும் ஒன்றே என்றால் 640x480 தங்கம். பாதியாகச் சுருங்கியிருந்தால் 720பி ஒய்யுஒய்2-க்குப் போய், வேகத்தை 10 ஃப்ரேம் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். நசுக்காத பத்து ஃப்ரேம், நசுக்கிய முப்பதைவிட மேல்.

தானியங்கி எக்ஸ்போஷர், தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் அணைத்துவிடுங்கள். உங்கள் மொபைலில் வெள்ளைப் பொட்டு விழுந்ததற்கும் இதே காரணம்தான், கறுப்பு வானத்தைப் பார்த்து அது வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கும். திரையில் வியாழன் கொஞ்சம் மங்கலாக, சாம்பல் கலந்து தெரிகிற அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

மோட்டார் இல்லாமல் எப்படி? ஓடவிட்டுத்தான். கால் அங்குல ரக சென்சாரின் அகலம் 3.6 மி.மீ., பார்லோவோடு உங்களுக்குத் தெரியும் வானம் ஏறக்குறைய 5 ஆர்க் நிமிடம், நிலா அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. பூமி சுற்றுவதால் கோள் நொடிக்கு 15 ஆர்க் நொடி நகரும், ஆகவே திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 20 நொடி. (640x480 நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் வகை என்றால் அதில் பாதி.) பகலிலேயே தூரத்து செல்போன் டவரைப் பார்த்து ஃபைண்டரைச் (குழாயின் மேல் உள்ள குறிபார்க்கும் கருவி) சரிசெய்து வையுங்கள், இல்லையென்றால் இரவு முழுக்கத் தேடல்தான். கோளை முதலில் சக்தி கூடிய ஐபீஸில் நடுவில் கொண்டுவந்து, பிறகு வெப்கேமை மாற்றி, குழாயைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டுக் கையை எடுங்கள். கோள் தானாக உள்ளே வந்து கடந்து போகும், பதிவு செய்யுங்கள். மறுபடி தள்ளுங்கள், மறுபடி. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால், மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்ததை ஒரே படமாகச் சேர்த்தால் உங்கள் 6 அங்குலத்திலேயே விவரம் இழுபட ஆரம்பிக்கும். சனிக்கு அவ்வளவு அவசரமில்லை.

வீடியோக்களை பிப் என்ற இலவச மென்பொருளில் போட்டால் எல்லாவற்றையும் இணைத்து, ஓடும் கோளை நடுவில் நிறுத்திக் கொடுக்கும். அதை ஆட்டோஸ்டாக்கெர்ட் என்ற மென்பொருளில் திறந்து, சிறந்த 25 சதவீத ஃப்ரேம்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கச் சொல்லுங்கள். வரும் படம் மழமழவென்று இருக்கும், பார்த்து மனம் தளர வேண்டாம். ரெஜிஸ்டாக்ஸ் என்ற மென்பொருளில், விவரத்தைத் தீட்டும் வேவ்லெட் ஸ்லைடர்களை மெதுவாக நகர்த்தும்போதுதான் வியாழனின் பட்டைகள் எழுந்து வரும். வியாழனின் ஓரத்தில் வெங்காயத் தோல் மாதிரி வளையம் தெரிந்தால் அதிகமாகத் தீட்டிவிட்டீர்கள், கொஞ்சம் பின்வாங்குங்கள்.

இதற்கெல்லாம் 4 ஜிபி போதும், மெதுவாக ஓடும், அவ்வளவுதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன, அதனால் அந்த லேப்டாப்பை இனி நெட் பேங்கிங்குக்குத் தொடாமல், வைஃபையை அணைத்து மாடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிவைரஸ், ஸ்லீப், மூடி மூடினால் தூங்குவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கையில் கொஞ்சம் காசு இருந்தால் சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், அந்த வயசு லேப்டாப்புக்கு அதைவிட நல்ல செலவு கிடையாது. சென்னைப் பக்கம் போனால் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவில் பழைய ராமும் தேடலாம். லினக்ஸ் பழக்கம் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ போட்டு ஓஏகேப்சர் என்ற மென்பொருள் மூலம் பதிவு செய்யலாம், பழக்கம் இல்லாதவர் வியாழன் நன்றாக இருக்கும் மாதத்தில் இந்தப் பரிசோதனையில் இறங்க வேண்டாம்.

மார்கழிப் பனிக்கு, குழாயின் வாய் நீளும்படி யோகா பாயை 20 செ.மீ. சுற்றிக் கட்டுங்கள். அப்படியும் சின்னக் கண்ணாடி வியர்த்தால் அதன் பின்புறம் 470 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் மூன்றை இணையாக இணைத்து ஒட்டி, பழைய யுபிஎஸ்ஸின் 12 வோல்ட் பேட்டரியில் கொடுங்கள், ஒரு வாட்டுக்குச் சற்றுக் குறைவான சூடு, அது போதும். பேட்டரி முனையிலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். பனியில் நனையும் மாடிக்கு வீட்டு மின்சார எக்ஸ்டென்ஷன் போர்டை இழுக்காதீர்கள்.

ஒரு சீசன் இப்படி எடுத்த பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால் கோள் கேமரா வாங்குங்கள், அதுதான் முதல். நொடிக்கு நூறு ஃப்ரேமுக்கு மேல் கொட்டுகிற அந்தக் கேமராக்களுக்கு யுஎஸ்பி 3.0 வேண்டும், உங்கள் லேப்டாப்பின் ஓரத்தில் நீல நிற நாக்கு உள்ள போர்ட் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். இருந்தால், எஸ்எஸ்டி போட்ட அதே லேப்டாப்பே அதற்கும் தொடரும்.